கொச்சிக்கடைக்காரரிடம் கேட்டது

ஜூன் 9, 2025, திங்கள் – கொட்டாஞ்சேனை, கொழும்பு

உவரி அந்தோனியார் எங்களுக்குப் பக்கம். தூத்துக்குடியில் காலையில் பஸ் ஏறினால் கும்பிட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அப்படியிருக்க இந்த வயதில், இந்த முழங்கால் வலியோடு, கடல் தாண்டிக் கொழும்புக் கொச்சிக்கடைக்குப் போய்த்தான் அந்தோனியாரைப் பார்க்கணுமா என்று அத்தையிடம் கேட்டேன். "கேட்டது கொச்சிக்கடைக்காரர்ட்டல. அவருக்குக் குடுக்க வேண்டியத உவரிக்காரர்ட்ட குடுத்தா கணக்கு தீருமா?" என்றாள். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். அத்தை மகன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கப்பல் பழுதாகி, சம்பளமும் வராமல், மாதக்கணக்கில் கொழும்புத் துறைமுகத்திலேயே கிடந்தார்கள். கரைக்கு வர அனுமதி கிடைக்கும் நாட்களில் கொச்சிக்கடைக் கோயிலில் போய் உட்கார்ந்திருப்பானாம். ஃபோனில் அதைக் கேட்டுக்கொண்டே அத்தை இங்கிருந்து நேர்ந்துவிட்டாள்: பிள்ளையை வீட்டுக்கு அனுப்பி வையும், உம்ம திருநாளுக்கு உம்ம வாசலில் வந்து நூறு பேருக்கு ரொட்டி கொடுக்கிறேன். பிள்ளை வந்து சேர்ந்தான். இப்போது வேறு கப்பலில் வேறு கடலில் இருக்கிறான். அதனால்தான் துணைக்கு நான்.

கட்டுநாயக்க விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் காற்று. எங்கள் ஊர் வெயில் முதுகில் அறையும். இங்கே ஈரத் துணி மாதிரி மேலே ஒட்டிக்கொள்கிறது. ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்துச் சந்தில் பெரியம்மா வீடு. பெரியப்பா காலத்தில் வியாபாரத்துக்கு வந்து தங்கிய குடும்பம், பெரியப்பா போய்ப் பல வருடமாகிறது. போய்ச் சேர்ந்ததும் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். சம்பலில் கிடந்த மாசிக் கருவாட்டை அத்தை எடுத்து முகர்ந்து பார்த்து, "இது நம்ம ஊரு மாசிதான், மைனி" என்று தீர்ப்புச் சொன்னாள். தூத்துக்குடியில் காயவைத்த மாசியில் பாதி இந்தத் தீவுக்குத்தான் வருகிறது என்று வேறு பெருமை. பெரியம்மா சண்டைக்குப் போகாமல் இன்னும் நாலு இடியப்பத்தை என் தட்டில் வைத்து, "மகன், சாப்பிடுங்க, வெட்கப்பட வேணாம்" என்றார்.

அக்கம்பக்கத்தில் யாருக்கு எங்களை அறிமுகப்படுத்தினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அந்தோனியாரிட்டயா வந்திருக்கிறீங்க? என்ன தொலைஞ்சது?" ஒன்றும் தொலையவில்லை என்றால் நம்ப மறுக்கிறார்கள்.

சாயங்காலம் புனித லூசியா பேராலயம் வரை நடந்தோம். பெரிய குவிமாடம், உள்ளே நல்ல குளிர்ச்சி, புறாக்கள். 304-ஆம் ஆண்டு, ரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் காலத்தில், சிசிலித் தீவின் சிராக்கூசாவில் வேதசாட்சியாக இறந்த பெண் லூசியா. தட்டில் இரண்டு கண்களை ஏந்தி நிற்பாள். கண்நோய்க்காரர்களுக்குப் பாதுகாவலி. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில், இருட்டுக் காட்டில் வழி தெரியாமல் நிற்கும் தனக்கு உதவச் சொல்லி, தான் நேசித்த பெயாத்ரிசிடம் போய்ப் பேசுவது இந்த லூசியாதான் என்று எழுதியிருக்கிறார். அவள் திருநாள் டிசம்பர் 13. பழைய நாட்காட்டியில் அது ஐரோப்பாவின் மிக நீண்ட இரவை ஒட்டி வரும். பனியில் மெழுகுவர்த்தி ஏற்றும் நாடுகளுக்கு அது புரியும். கொழும்பில் டிசம்பர் இரவுக்கும் ஜூன் இரவுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. ஆனாலும் பெரியம்மாவுக்கு லூசியா மேல் அசையாத பக்தி. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் இங்கே வந்து ஒன்பது நாள் மெழுகுதிரி கொளுத்தினாராம். "லூசியம்மாவும் பார்த்தா, டொக்டரும் பார்த்தார்" என்கிறார். யாருக்கு எவ்வளவு பங்கு என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய் – கொச்சிக்கடை

இன்று பொசன் போயா. பௌத்தம் இந்தத் தீவுக்கு வந்த நாள் என்று பௌர்ணமியைக் கொண்டாடுகிறார்கள். அரசு விடுமுறை, இறைச்சிக் கடை கிடையாது, மதுக்கடை கிடையாது. அதோடு இன்று செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் நாள். இரண்டும் ஒன்றாக வந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டேன். "எல்லாருக்கும் லீவு, அப்ப எல்லாரும் அந்தோனியாரிட்டதான்" என்றார் பெரியம்மா. அப்படியேதான் ஆனது.

முழங்காலுக்காக ஆட்டோ பிடித்தோம். இருநூறு ரூபாய், அதாவது நம் காசில் அறுபதுக்கும் கீழே. பாதி வழியில் சின்னப் பையன்கள் கொடியை ஆட்டி வண்டியை மறித்தார்கள். எனக்கு ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. தன்சல்! போகிற வருகிறவர்களுக்கெல்லாம் இலவசச் சாப்பாடு. அவித்த மரவள்ளிக் கிழங்கு, மேலே கட்டைச் சம்பல், கையில் ஒரு கப் இனிப்புத் தண்ணீர். அத்தை மடியிலிருந்த சுருக்குப்பையை அவிழ்க்கப் போனாள். ஆட்டோக்காரர் சிங்களவர், ஆனால் நல்ல தமிழ். "அம்மா, காசு குடுக்கப்படாது, சாப்பிட்டாப் போதும். நீங்க சாப்பிட்டாத்தான் அவங்களுக்குப் புண்ணியம்" என்றார். கிழங்கு பஞ்சு போல வெந்திருந்தது. சம்பல் காரத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பையன்களுக்கு அதைப் பார்த்து ஒரே சிரிப்பு.

கோயில் வாசலில் பைகளைச் சோதிக்கிறார்கள். வரிசையில் பொட்டு வைத்த பெண்கள், பன்சலை என்ற பௌத்த விகாரையிலிருந்து நேரே வந்த வெள்ளை உடுப்புக்காரர்கள், கைக்குழந்தைகள். மூன்று மொழியும் காதில் விழுகிறது. அந்தோனியார் சொரூபத்துக்குப் பக்கத்தில் நெருங்கும்போதுதான் வேடிக்கை. ஒரு பெண் பாஸ்போர்ட்டைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறாள். பின்னால் ஒரு தம்பி பரீட்சை அட்டையோடு. இன்னொரு அம்மா மருத்துவமனை அறிக்கையை அவருக்கு வாசித்தே காட்டுகிறார், சர்க்கரை அளவு முதற்கொண்டு.

எங்கள் ஊர்ப் பக்கம் இதைப் பற்றிப் பிரசங்கத்தில் திட்டுகிற சாமியார்கள் உண்டு. செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிறீர்கள், கேட்பதற்கு மட்டும் வருகிறீர்கள், புனிதர் என்ன தபால்காரரா என்று. எனக்கு அந்தத் திட்டு பிடிப்பதே இல்லை. 1230-களில், அந்தோனியார் இறந்த கொஞ்ச நாளிலேயே, ஸ்பையர் நகர் ஜூலியன் என்ற பிரான்சிஸ்கன் துறவி அவரைப் பற்றி லத்தீனில் ஒரு பாட்டு எழுதினார். இத்தாலியின் பதுவை நகரில் இன்றும் பாடுகிறார்கள். கடல் விலகுகிறது, கைவிலங்குகள் கழல்கின்றன, இழந்த உறுப்பையும் தொலைந்த பொருளையும் இளையோரும் முதியோரும் கேட்கிறார்கள், பெறுகிறார்கள் என்று போகும் அந்தப் பாட்டு. எண்ணூறு வருடத்துக்கு முன்னாலேயே கேட்பதைத்தான் பாட்டில் வைத்திருக்கிறார்கள்.

அதில் கடல் வருவதற்கு இந்த இடத்தில் ஒரு தனிப் பொருத்தம் உண்டு. டச்சுக்காரர்கள் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு வியாபாரி வேடத்தில் இங்கே ஒளிந்திருந்தாராம். பிடிக்க வந்தபோது மோதரை மீனவர்கள், எங்கள் கரையைக் கடல் தின்கிறது, அதை நிறுத்தினால் உங்களைக் காப்பாற்றுகிறோம் என்றார்களாம். அவர் மணலில் சிலுவை நட்டு வேண்ட, கடல் பின்வாங்கியது, டச்சுக்காரர்களும் அவரை இருக்க விட்டார்கள். இது மக்கள் சொல்லும் கதை. 1822-இல் கோவாவிலிருந்து அந்தோனியார் சொரூபம் வந்தது, இப்போதுள்ள கோயில் 1834-இல் அபிஷேகம் ஆனது, இது ஏட்டுக் கணக்கு. கதையை நம்பாதவர்கள்கூட அந்த மீனவர்களைக் கவனிக்கலாம். எவ்வளவு துல்லியமாகப் பேரம் பேசியிருக்கிறார்கள்!

தொலைந்த பொருள் விவகாரமும் கேட்கத் தகுந்தது. அந்தோனியார் தன் கைக்குறிப்புகளோடு வைத்திருந்த சங்கீதப் புத்தகத்தை ஒரு இளம் துறவி எடுத்துக்கொண்டு மடத்தை விட்டே ஓடிவிட்டான். அச்சு இல்லாத காலம், ஒரு புத்தகம் போனால் வருடக்கணக்கான உழைப்பு போச்சு. அந்தோனியார் வேண்டினார், பையன் திரும்பி வந்து கொடுத்தான் என்பது மரபு. ஆக, சாவிக்கொத்துக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் நாம் கூப்பிடுகிற ஆள், முதலில் தேடியது ஒரு கவிதைப் புத்தகத்தை.

வளாகத்தில் அந்தக் கல்லும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை இங்கே குண்டு வெடித்ததில் இறந்தவர்களின் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிறது. அத்தை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வரும் வரை பேசவில்லை.

ஜூன் 11, புதன் – மழை

காலையிலிருந்து மழை விட்டுவிட்டு. குடையைக் காற்று திருப்பிப் போட்டுவிடுகிறது. மழை நின்ற நேரத்தில் வுல்வெண்டால் ஆலயத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். டச்சுக்காரர்கள் 1749-இல் கட்டத் தொடங்கி 1757-இல் திறந்தது. மேட்டின் மேல், தடித்த சுவர்களோடு, தரையெல்லாம் கல்லறைக் கற்கள். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து 1813-இல் கொண்டுவந்த கற்களும் அதில் உண்டு. அழகான கட்டடம், நான் போன நேரம் என்னைத் தவிர யாருமில்லை. ஒளிந்து திரிந்தவனின் கோயிலில் இடமில்லாத கூட்டம், விரட்டியவர்களின் கோயிலில் என் செருப்புச் சத்தம் மட்டும். கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு பேக்கரி. ரொட்டியை இங்கே பாண் என்கிறார்கள். அத்தைக்கு நூறு பேருக்கு நூறு முழுப் பாண் கொடுக்க ஆசை. பேக்கரி முதலாளி, தொப்பி போட்ட முஸ்லிம் பெரியவர், எங்களை மேலும் கீழும் பார்த்தார். "நூறு பாண் தூக்க லொறி வேணும்மா. பணிஸ் எடுங்க, கையில குடுக்கலாம், நின்ட இடத்துல தின்னலாம்." பணிஸ் என்றால் பன். ஒன்று எழுபது ரூபாய். அந்தோனியாருக்கு என்று சொல்லி அத்தை விலை குறைக்கப் பார்த்தாள். அவர் அசையவில்லை. "அந்தோனியாருக்கு எண்டாத்தான் குறைக்க மாட்டன், நேர்த்திய நீங்கதானே குடுக்கோணும்" என்று ஏழாயிரத்தையும் முன்கூட்டியே எண்ணி வாங்கிக்கொண்டார். அத்தைக்குக் கோபம். எனக்கு அந்த வாதம் பிடித்திருந்தது.

ஜூன் 12, வியாழன் – காலிமுகத்திடல், பிறகு கோயில்

காலையில் காலிமுகத்திடல். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் சீறிக்கொண்டிருந்தது, சுவருக்கு மேலே தெறித்து அத்தை சேலை பாதி நனைந்தது. ஒரு தள்ளுவண்டியில் இறால் வடை வாங்கினோம். தட்டையான பருப்பு வடைமேல் முழு இறால்கள் கண்ணோடும் மீசையோடும் படுத்திருக்கின்றன. விலையைக் கேட்டு வாங்குங்கள், எங்கள் பேச்சு வழக்கைக் கேட்டதும் எங்களுக்கு ஒரு விலை, பக்கத்தில் நின்றவருக்கு வேறு விலை.

இந்தப் புல்வெளியில்தான் 2015 ஜனவரி 14 அன்று போப் பிரான்சிஸ், யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். இலங்கையின் முதல் புனிதர். கோவாக்காரர். டச்சுத் தடையை மீறி 1687-இல், கந்தல் உடுத்த கூலியாள் வேடத்தில், எங்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறி இந்தத் தீவுக்கு வந்தவர். கண்டியில் உளவாளி என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். பின்னால் 1697-இல் அதே கண்டியில் அம்மை நோய் பரவி, சொந்தக்காரர்களே நோயாளிகளை விட்டு ஓடியபோது, அவர்தான் குடிசை போட்டுத் தூக்கிவந்து கழுவித் துடைத்தார். அவருக்குப் பின் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அவருடைய வியாகுலப் பிரசங்கத்தை வடக்கில் தவக்காலத்தில் இன்றும் இழுத்து ராகம் போட்டு வாசிக்கிறார்கள். பெரியம்மாவின் தாயார் மன்னார்ப் பக்கம். பெரியம்மாவுக்கு அதில் பல வரிகள் மனப்பாடம், கடற்கரையிலேயே கொஞ்சம் பாடிக் காட்டினார். வடைக்காரர் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறு பிசையும்போது டிவியில் அகமதாபாத் செய்தி. லண்டனுக்குக் கிளம்பிய விமானம் ஏறின சில நொடிகளில் விழுந்துவிட்டது. உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்ததாகச் சாயங்காலம் சொன்னார்கள். அத்தை சாப்பாட்டில் கையை வைத்தபடியே இருந்தாள். நாங்களும் ஊருக்கு விமானத்தில்தான் போக வேண்டும். ஆனால் அவள் கேட்டது அதை அல்ல. "அவங்க வீட்லயும் கேட்டுருப்பாங்கல்லால?"

பதில் சொல்லத் தெரியவில்லை. கொச்சிக்கடைக் கல்லில் இருக்கிறவர்களும் கேட்க வந்த இடத்தில்தான் போய்ச் சேர்ந்தார்கள். அந்த உயிர்த்த ஞாயிறில் இறந்த கத்தோலிக்கர் 167 பேரை விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் வத்திக்கான் சேர்த்திருப்பதாக இந்த ஏப்ரலில்தான் கொழும்புப் பேராயர் அறிவித்தார். அதனால் வீட்டில் காலியான நாற்காலி நிரம்பாது.

இரவு வேஸ்பர் ஆராதனைக்கு, அதாவது திருநாளுக்கு முந்தின நாள் மாலைச் செபத்துக்குப் போனோம். உள்ளே இடமில்லை, தெருவில் நின்றோம். நின்றபோது நினைவுக்கு வந்தது அந்தோனியாரின் சொந்தக் கதை, எப்படியோ அதை யாரும் பிரசங்கத்தில் நீட்டிச் சொல்வதில்லை. லிஸ்பனில் பிறந்த பையன், அப்போது பெயர் ஃபெர்னாந்து, வேறொரு சபையில் துறவி. 1220-இல் மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் அவன் இருந்த கொயிம்பிரா நகருக்கு வந்தன. அந்தப் பெட்டிகளைப் பார்த்துத்தான் சபை மாறினான், பெயரை மாற்றிக்கொண்டான், நானும் அப்படியே சாக வேண்டும் என்று கேட்டு மொராக்கோவுக்கே போனான். போன இடத்தில் நோயில் படுத்தான். திரும்பி வருகிற கப்பலைப் புயல் அடித்துச் சிசிலியில் ஒதுக்கியது. கேட்டது கடைசி வரை கிடைக்கவில்லை. இத்தாலியில் யாருக்கும் தெரியாத ஒரு மடத்தில் இருந்தவன், ஒரு நாள் வேறு ஆள் இல்லாமல் பிரசங்கத்துக்கு எழுப்பப்பட்டு, பிறகு முப்பத்தாறு வயதுக்குள் ஊர் ஊராகப் பேசியே தேய்ந்து செத்தான். எல்லாரும் கேட்டுப் பெறுகிற புனிதர் தனக்கென்று கேட்டதைப் பெறாதவர்.

அத்தையிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பம் அவருக்குத் தெரியும்" என்றாள். என்ன தெரியும் என்று சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி – திருநாள்

அந்தோனியார் இறந்த 1231 ஜூன் 13-ம் வெள்ளிக்கிழமைதான். அடக்கம் செய்தது செவ்வாய், அதிலிருந்துதான் செவ்வாய்க்கிழமை பக்தி. ஒரு வருடம் முடிவதற்குள், 1232 மே 30 அன்று, புனிதர் ஆக்கிவிட்டார்கள்.

விடியற்காலை பேக்கரிக்குப் போனால் பணிஸ் சூடாகத் தயார். வீட்டில் வைத்து எண்ணினால் பத்து அதிகம். விலையில் ஒரு ரூபாய் குறைக்காத மனிதர்! அத்தை மறுபடி எண்ணினாள், அப்புறம் பேக்கரி இருக்கும் திசையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். திட்டா ஆசீர்வாதமா தெரியாது.

தமிழ்ப் பூசை முடிந்து கூட்டம் வெளியே வரும்போது நாங்கள் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றோம். அங்கேதான் நாங்கள் எதிர்பார்க்காத சிக்கல். எங்களைப் போலவே நேர்ந்துகொண்டு வந்தவர்கள் தெரு முழுக்க. ஒருவர் பாண், ஒருவர் கடலை, ஒருவர் பால் பாக்கெட், ஒரு குடும்பம் பெரிய அண்டாவில் மஞ்சள் சோறு. எல்லாரும் கொடுக்கிறார்கள், வாங்க ஆளைத் தேட வேண்டியிருக்கிறது! அத்தை ஏழையாகத் தெரிகிறவர்களாகப் பார்த்து நீட்டினாள். முதலில் கை நீட்டி வாங்கியதோ கழுத்தில் டை கட்டிய ஒரு ஆபீஸ்காரர். இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனார். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர், "பணிஸ் வேணாம் அக்கா, நாலு இருக்கு, பிளேன்டீக்குக் காசு இருந்தாத் தாங்க" என்றார். கொடுத்தோம். ஆட்டோக்காரர் ஒருவர் தனக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, இன்னும் பிறக்காத பிள்ளைக்கு ஒன்று என்று மூன்று கேட்டு வாங்கினார். எங்கள் பை காலியாகும்போது அத்தையின் இன்னொரு பையில் பிறர் திணித்த பாணும் கடலையும் நிறைந்திருந்தன. அதையும் கொடுத்துத் தீர்க்க இன்னும் ஒரு மணி நேரம், இந்த முழங்காலோடு.

சாயங்காலம் பவனி. வீதி முழுக்கக் கொடியும் விளக்கும், ஜன்னலுக்கு ஜன்னல் ஆட்கள். சொரூபம் வருவதற்கு முன்னால் ஒரு மழை அடித்தது, ஒருவரும் நகரவில்லை, குடைக்குள் முன்பின் தெரியாதவர்களை இழுத்துக்கொண்டார்கள். என்னை இழுத்த அம்மா சிங்களத்தில் ஏதோ சொன்னார், தலையாட்டினேன், கையில் ஒரு டொபி வைத்தார். ஒரு வாசலில் குத்துவிளக்கும் நிறைகுடமும் வைத்து ஒரு இந்துக் குடும்பம் நின்றது. அந்த இடத்தில் சொரூபம் சற்று நின்று போனது. எங்கள் பனிமய மாதா திருநாளில் தேர் வரும்போது இருக்கும் நெரிசல்தான், ஆனால் அங்கே இடித்தால் சண்டை, இங்கே இடித்தால் மன்னிப்பு.

இரவு பெரியம்மா கொத்துரொட்டி வாங்கி வந்திருந்தார், ஆயிரம் ரூபாய்ப் பார்சல், மூன்று பேர் சாப்பிட்டும் மிச்சம். அத்தை காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள். நாளைக்கு விமானம் நல்லபடியாகப் போய் இறங்க வேண்டும் என்று பவனியில் அந்தோனியாரிடம் சொல்லிவிட்டாளாம். நேர்ச்சை என்ன என்று கேட்டேன். அடுத்த வருடம் இருநூறு பணிஸ். காசு யாருடையது என்று கேட்டேன்.

"நீ சம்பாரிக்கிறல்லா" என்றாள்.